பாட்டு இல்லாத தட்டு

திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேற்பார்வை அம்மாளிடம் திட்டு வாங்கினேன். காலை ஆட்டுகிறேன் என்பதுதான் குற்றம். சுவிட்ச் போர்டுக்கு முன்னால் நாங்கள் ஆறு பெண்கள் உயரமான ஸ்டூல்களில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். மற்ற ஐந்து பேரும் படத்தில் இருப்பது போல அசையாமல் வேலை பார்ப்பார்கள். என் வலது கால் மட்டும் ஓயாது. ஸ்டூல் கிரீச்சிடும். பக்கத்துப் பெண்ணின் ஹெட்போனில் கூட அந்தச் சத்தம் கேட்டதாம்.

எனக்கு வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. சம்பளம் வந்தது, வீட்டில் மரியாதை இருந்தது. ஆனால் எட்டு மணி நேரம் அடுத்தவர்கள் பேச்சிலேயே காது ஊறிக் கிடக்கும். புகையிலைக் கிட்டங்கிக்காரர் தூத்துக்குடிக்கு லைன் கேட்பார். வெங்காய மண்டியிலிருந்து கொழும்பு விலையைக் கேட்டுக் கத்துவார்கள். யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கும், யாருக்கோ அப்பா போய்ச் சேர்ந்திருப்பார். எல்லாவற்றையும் பிளக்கைச் செருகி இணைத்துவிட்டு அடுத்த விளக்கைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்து ரேடியோவில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். அதுவும் ஒரு குரல். எனக்கு எரிச்சலாக வரும். மனுஷக் குரலே இல்லாத ஒரு சத்தம் வேண்டும் என்று அப்போதே மனசு கேட்டது. ஆனால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அது எங்கள் வீட்டுக்கு வந்தது தம்பி மூலமாக. அறுபதுகளின் பிற்பகுதி. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா இறந்துபோன பிறகு, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த அம்மாதான் எங்கள் இருவரையும் வளர்த்தார். தம்பி என்னைவிட இரண்டு வயது சின்னவன். மைக் செட் கடையில் மெக்கானிக். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் கொடை என்று குழாய் ஸ்பீக்கர் கட்டப் போவான். கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படித்த பள்ளிக்கூடத்துக்கும் விளையாட்டு விழா சமயத்தில் போவான். அப்படியே அங்கே ரிப்பேரான ரெக்கார்ட் பிளேயர்களையும் பார்த்துக் கொடுப்பான். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு மாணவன், ஒயரெல்லாம் கருகிப்போன தன் எலெக்ட்ரிக் கிதாரை இவனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். தம்பி அதைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தான். கிதார் செக்கச் செவேலென்று இருந்தது.

அங்கே அந்தப் பிள்ளைகள் போட்டுக் காட்டிய சில இசைத்தட்டுகளைப் பற்றியும் சொன்னான். பாடகரே கிடையாதாம். கிதாரே பாடுமாம், கிதாரே சண்டை போடுமாம். சொல்லும்போது சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

கிதாரைச் சரி செய்து முடித்தவன், அதற்குத் தோதான ஆம்ப்ளிஃபயர் இல்லாததால் மைக் செட் ஆம்ப்ளிஃபயரிலேயே மாட்டினான். ஊர் முழுக்கக் கேட்கச் செய்யும் சாதனத்தை எட்டடி அறைக்குள் வைத்துத் திருகினால் என்ன ஆகும்? அம்மா டியூட்டிக்குப் போயிருந்த ஒரு பிற்பகல். நான் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். புதுக் காடாத் துணியை நெடுகக் கிழித்தது போல ஒரு சத்தம். ஏனத்தில் இருந்த தண்ணீர் நடுங்கியது. பின்வீட்டுக் கோழிகள் கூரை மேல் ஏறின. தம்பி பயந்துபோய் நிறுத்தினான்.

"வால்வு தாங்கல அக்கா. சத்தம் உடையுது. குறைச்சுக்கிறேன்" என்றான்.

"குறைக்காத" என்றேன். அரிவாள்மனையை விட்டு எழுந்து போய் அவன் எதிரில் நின்றேன். "இன்னொரு தடவை அதே மாதிரி."

அன்றைக்குத்தான் எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆனது. தம்பியே செய்தான். பலாக்கட்டையில் உடம்பு, பழைய பொருள் ஏலத்தில் வாங்கிய ஓட்டை ஹெட்போன்களின் காந்தம், ஏதோ பங்களாவில் செல்லரித்துப்போன பியானோவின் தடித்த கம்பிகள் நாலு. பேஸ் கிதார் என்று அதற்குப் பெயர் இருப்பதே பிறகுதான் எனக்குத் தெரியும். அதை மடியில் வைத்தால் தொடை மரத்துப் போகும். கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனிகள் பிளந்தன. எக்ஸ்சேஞ்சில் பிளக் செருகும்போது ரத்தம் ஒட்டும். கேட்டால், வெஞ்சனம் நறுக்கும்போது பட்டுவிட்டது என்பேன். உங்க வீட்டில் இம்புட்டுக் காய்கறியா என்று பக்கத்துப் பெண் கேட்டாள்.

டிரம்ஸ் வாசிக்க ஒருவர் கிடைத்தார். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்துக்காரர், சம்பங்கியும் தக்காளியும் போடும் குடும்பம். வயல் அண்ணன்மாருக்கே பத்தாது என்று டவுனுக்கு வந்து இரும்புப் பெட்டிப் பட்டறையில் தகடு அடித்துக்கொண்டிருந்தார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கலைந்துபோன ஒரு பேண்டு செட்டிலிருந்து டிரம்ஸை வாங்கி வைத்திருந்தார். பட்டறையில் வருஷக்கணக்காக அடித்ததில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. அதனால் தனக்குக் கேட்கிற மாதிரி அடிப்பார். அவருக்குக் கேட்க வேண்டுமானால் தெருவுக்கே கேட்கும். எங்கள் சத்தம் அவ்வளவு முரடாக இருந்ததற்குப் பாதிக் காரணம் அவர் காதுதான்.

நான்காவதாக ஒரு பாடகர். இது உண்மையில் அவருடைய குழு என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். நல்ல குரல், நல்ல களை. கல்யாண வரவேற்புகளிலும் மாதா கோயில் திருவிழாவிலும் அவர் சினிமாப் பாட்டுப் பாட, நாங்கள் பின்னால் அடக்கமாக வாசிப்போம். பயிற்சிக்கு அவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். அவர் வரும்வரை நாங்கள் மூவரும் எங்கள் இஷ்டத்துக்கு வாசித்துக்கொண்டிருப்போம். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் வாசல் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் தம்பி ஆம்ப்ளிஃபயரைக் குறைப்பான்.

ஒரு கல்யாணத்தில் பாடகரின் குரலைக் கேட்ட மதுரைக்காரர் ஒருவருக்கு அது பிடித்துப்போனது. இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். சொந்தமாகத் தட்டு வெளியிட வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் வெளியீடாக எங்கள் குழுவை வைத்து ஒரு லாங்பிளே கொண்டுவருவதாகச் சொன்னார். எட்டுப் பாட்டு, எல்லாம் புதுசு, மெட்டு நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். மதுரையில் ஸ்டூடியோவுக்கு எங்களை வரச் சொல்லி அட்டைக்குப் படம் எடுத்தார். பாடகர் நடுவில் மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தபடி, தம்பியும் டிரம்ஸ்காரரும் இரு பக்கம். நான் ஓரத்தில்.

மெட்ராஸில் ஒலிப்பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. எட்டு நாள் இருக்கும்போது பாடகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பம்பாயில் கப்பல் வேலை கிடைத்திருக்கிறது, மறுநாளே புறப்பட வேண்டும் என்றார். மதுரைக்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

டிரம்ஸ்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். பட்டறைக் கரியோடு வந்து முற்றத்தில் குத்தவைத்தார். மதுரைக்கு ஒரு கடிதம் போட்டுவிட வேண்டியதுதான் என்று தம்பி தொடங்கினான். எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். இந்த நாளை விட்டால் இன்னொரு நாள் எனக்கு வராது என்று பட்டது. ஒலிப்பதிவு முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை கரூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

"எழுத வேணாம். நாம போயிருவோம்" என்றேன்.

"பாட்டு இல்லாம அங்க போயி என்னம்மா பண்றது?" என்றார் டிரம்ஸ்காரர்.

"அண்ணே, அவர் வர்றதுக்கு முன்னாடி வாசிப்போம்ல. அதை வாசிக்கிறது."

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். கேட்டிருந்தது. தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

மதுரைக்காரரிடம் மறைத்தது தப்பு. அதை இன்றைக்கும் தப்பு என்றுதான் சொல்வேன். அவர் எங்களை நம்பி ஏற்பாடு செய்திருந்தார். முடிவு என்னுடையது. தம்பியையும் அந்த அண்ணனையும் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவிடம் திருச்சியில் இலாகா பயிற்சி, இரண்டு நாள் என்று பொய் சொன்னேன். தம்பி, கடை வேலையாக வெளியூர் போவதாகச் சொன்னான். ஆம்ப்ளிஃபயரையும் ஒரு குழாய் ஸ்பீக்கரையும் பெட்ஷீட்டில் கட்டி ரயிலில் ஏற்றினோம். கூட வந்தவர்கள் எங்கே பொதுக்கூட்டம் என்று கேட்டார்கள்.

ஒலிப்பதிவு நிலையம் ஒரு பழைய பங்களா. ஒலிப்பதிவாளர் வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்ட, மெலிந்த, சுத்தமான மனிதர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பாடுகிறவர் எங்கே என்று கேட்டார்.

"வரலைங்க ஐயா."

"தொண்டை கட்டிண்டுடுத்தா?"

"பாட்டே இல்லைங்க. வெறும் வாத்தியம்தான்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் வேறு மாதிரி எழுதியிருந்திருக்க வேண்டும். ஆனால் நேரம் குறித்தாகிவிட்டது, நாங்களும் வந்து நிற்கிறோம். சரி, ஆரம்பியுங்கள் என்று கண்ணாடி அறைக்குள் போனார்.

அரை நிமிஷம்கூட வாசித்திருக்க மாட்டோம். கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். ஆம்ப்ளிஃபயரில் ஏதோ போய்விட்டது, வால்வை மாற்றுங்கள் என்றார். அது அப்படித்தான் சார் என்றான் தம்பி. டிரம்ஸை அவ்வளவு பலமாக அடித்தால் மீட்டர் ஊசி நிற்காது என்றார். டிரம்ஸ்காரர் தன்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டார். ஒலிப்பதிவாளர் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து பெரிய டிரம்முக்குள் திணித்தார். மறுபடி தொடங்கினோம். மறுபடி வந்தார். இந்தத் தடவை கோபமாக இல்லை, ரொம்பக் களைத்துப்போய் நின்றார்.

"அம்மா, சத்தம் உடையக் கூடாதுன்னுதான் நான் இத்தனை வருஷமா இந்த அறைக்குள்ள உக்காந்திருக்கேன்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் உடையட்டும் ஐயா. எங்களுக்கு இன்னொரு நாள் இல்லை" என்றேன்.

அவர் மைக்கைத் தூக்கிப்போய் அறையின் தூர மூலையில் சுவரைப் பார்த்து வைத்தார். அதன் பிறகு கண்ணாடி அறையை விட்டு அவர் வெளியே வரவில்லை. மூன்றாவது உருப்படி முடிந்ததும்தான் வந்தார். டிரம்முக்குள் இருந்த கம்பளியை உருவி எடுத்தார். "இது வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு உருப்படிகளையும் மாலைக்குள் முடித்தோம். ஒன்றுக்கும் பெயர் இல்லை. தாளில் எழுத வேண்டும், சொல்லுங்கள் என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். டிரங்க் கால், லைன் பிஸி, ரெட்டியார்சத்திரம் இறக்கம், பட்டறை, இப்படி. வெளியே வந்தபோது மூன்று பேருக்குமே காது அடைத்திருந்தது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கையைக் காட்டியே டீ கேட்டு வாங்கிக் குடித்தோம். அன்றைக்கு இருந்த சந்தோஷம் போல எனக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை. அதோடு ஒரு பதைப்பும் இருந்தது. ரயில் திருச்சியைத் தாண்டத் தாண்ட அது ஏறியது.

வீட்டில் அம்மா வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"திருச்சியில என்ன பாடம் நடத்துனாங்க?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிப் போனிலிருந்து ஏதோ அவசரத்துக்குத் திருச்சியில் என்னைப் பிடிக்க எக்ஸ்சேஞ்சில் நம்பர் கேட்டிருக்கிறார். லீவில் இருக்கிறாள் என்று பக்கத்து ஸ்டூல் பெண் சொல்லிவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கத்தவில்லை. எழுந்து போய் உலை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வரை தேவைக்கு மட்டும்தான் என்னிடம் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் நல்ல மனிதர். கூட்டுறவு பாங்கியில் வேலை. மெதுவாகப் பேசினார். அம்மா எதையும் மறைக்கவில்லை. அது அம்மாவின் சுபாவம். பெண் குழுவில் வாசிக்கிறாள், மெட்ராஸ் வரை போய்த் தட்டுக்கூடப் பதிந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். அவர் முகம் மாறவில்லை. என்னிடம் நேராகவே கேட்டார், கல்யாணத்துக்குப் பிறகு இதெல்லாம் இருக்காது இல்லையா என்று. கேட்ட விதத்தில் அதிகாரம் இல்லை. இருக்காது என்று நான் சொல்லியிருந்தால் கல்யாணம் முடிவாகியிருக்கும்.

"தெரியலைங்க" என்றேன்.

கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வேறு இடம் பார்ப்பதாகப் பத்து நாளில் கடிதம் வந்தது. அம்மா அதைப் படித்து மடித்து என் கையில் கொடுத்தார். "இருக்காதுன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்னடி உனக்கு?" என்றார். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் தெரியவில்லை என்று சொன்னேன். கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

சில மாதங்கள் கழித்து மதுரைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒலிப்பதிவு நிலையத்திலிருந்து நாடா நேரே தட்டு அச்சடிக்கும் இடத்துக்குப் போய்விட்டது. அட்டையை அவர் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார். தட்டுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கி, கடைகளுக்கும் போன பிறகுதான் ஒன்றை எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார். முதலில் பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைத்தாராம். வாங்கியவர்கள், பழுதான தட்டு என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். பாடுகிறவர் படம் போட்டிருக்கிறது, பாட்டைக் காணோமே என்று சண்டை.

அட்டையை நீட்டினார். நடுவில் பாடகர், வாயைத் திறந்தபடி. அவர் இந்தத் தட்டில் ஒரு இடத்திலும் இல்லை. ஓரத்தில் நின்ற என்னைச் சதுரத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டியிருந்தார்கள். என் முழங்கை மட்டும் தம்பியின் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்தது.

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாமேம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் இரண்டு பேர் மேலும் தப்பில்லை, முடிவு என்னுடையது என்று சொன்னேன். திரும்பி வந்த பெட்டிகளைத் தம்பி வேலை பார்த்த மைக் செட் கடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தன் கண்ணில் படக் கூடாது என்றாராம். பிறகு அவருக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். பதில் வரவில்லை. மதுரையில் அந்தத் தெருப் பக்கம் போகாமல் சுற்றிப் போவதை வெகு காலம் பழக்கமாக வைத்திருந்தேன்.

அதோடு குழுவும் ஓய்ந்தது. பாடகர் இல்லாத குழுவைக் கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? கிதார்கள் கட்டிலுக்கு அடியில் போயின. நான் கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டேன். ஏன் கோயம்புத்தூர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இங்கே இல்லாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. காலை வேலை முடிந்து வந்ததும் எங்கள் ஊர் மலைக்கோட்டையைச் சுற்றிக் கால் கடுக்க நடப்பேன்.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் டிரம்ஸ்காரர் சைக்கிளில் வந்தார். ஊர்க் கொடைக்கு ஆடு பிடிக்க அய்யலூர்ச் சந்தைக்குப் போயிருந்திருக்கிறார். வேர்த்து வழிய வாசலிலேயே நின்று சொன்னார்.

"தங்கச்சி, நம்ம தட்டு ஆட்டுச் சந்தையில ஓடுது. பல்பொடி விக்கிறவன் போட்டிருக்கான். அம்புட்டு ஆடு கத்துது, அத்தனையும் மீறி நம்ம அடி கேக்குது. என் காதுக்கே கேட்டுச்சு."

மைக் செட் கடை முதலாளி செய்த வேலை அது. பெட்டிகள் இடத்தை அடைக்கின்றன என்று, செட் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் தலைக்கொன்றாகக் கொடுத்திருந்தார். வேறு எந்தத் தட்டையும்விட இது அதிக தூரம் கேட்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பல்பொடிக்காரன் டிரம்ஸ்காரரிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தான். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு டென்ட் சினிமாக் கொட்டகையில் தினமும் இதே தட்டுதானாம்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் பஸ் ஏறினோம். அந்தப் பக்கம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் வெறும் மண். கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சோளத் தட்டைக் கட்டைகள். அதற்கு நடுவில் கொட்டகை. பக்கத்தில் ஒரு பனங்கம்பத்தின் உச்சியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் முதுகோடு முதுகாகக் கட்டியிருந்தார்கள். வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. முதலில் வழக்கமான பக்திப் பாட்டு. அது முடிந்ததும் கரகரவென்று ஊசி இறங்கும் சத்தம். பிறகு தம்பியின் கிதார்.

நான் அதுவரை அந்தத் தட்டைத் திறந்த வெளியில் கேட்டதில்லை. மோதித் திரும்புவதற்குச் சுவர் இல்லாததால் அது நேரே போய்க்கொண்டே இருந்தது. என் பேஸ் கிதார் குழாயில் சரியாகக் கேட்காது என்று தம்பி முன்கூட்டியே சொல்லியிருந்தான். கேட்கத்தான் இல்லை. ஆனால் கம்பத்தில் கை வைத்தபோது உள்ளங்கையில் இருந்தது.

வாசலில் கடலை வறுத்து விற்ற அம்மாளிடம் இது என்ன தட்டு என்று கேட்டேன்.

"கிழிசல் தட்டு ஆத்தா" என்றார். "இது போட்டா இன்னும் செத்த நேரத்துல படம்னு அர்த்தம். அங்கிட்டு மூணு மைலுக்குக் கேக்கும். இதக் கேட்டுத்தான் பொம்பளைக உலையை இறக்கி வச்சுட்டுப் பிள்ளைகளத் தூக்கிட்டுக் கெளம்புவாளுக."

டிரம்ஸ்காரர் தாங்க முடியாமல், அது நாங்கள் வாசித்தது என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா இரு அப்பு" என்று சொல்லிவிட்டுக் கடலையைக் கிளறினார்.

கொட்டகைக்காரர் நம்பினார். அட்டையைக் கொண்டுவந்து தம்பியின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாற்காலி போடச் சொன்னார். லைசென்ஸ் புதுப்பித்துக் கொட்டகையைத் திரும்பத் திறக்கும் நாளில் நேரிலேயே வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். வாரோம் என்றேன்.

அன்றைக்கு அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. குஜிலியம்பாறையில் வாசிக்கப் போறேன், எட்டரை பஸ்ஸில் வந்துவிடுவேன் என்று சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு போ என்றார். அவ்வளவுதான்.

வெள்ளைத் திரைக்கு முன்னால் பெஞ்சுகளைச் சேர்த்து மேடையாகப் போட்டிருந்தார்கள். ஆயில் இன்ஜின் கரெண்டு, ஏறி ஏறி இறங்கியது. அதற்கேற்ப எங்கள் சத்தமும் தடித்து மெலிந்தது. முதலில் வந்தவர்கள் தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு பெண் கிதார் வைத்திருப்பதைத்தான் அதிகம் பார்த்தார்கள். நாங்கள் நன்றாகத்தான் வாசித்தோம். மெட்ராஸில் வாசித்ததைவிட நன்றாக என்றுகூடச் சொல்லலாம். ரெட்டியார்சத்திரம் இறக்கத்தில் இன்ஜின் திணறி ஆம்ப்ளிஃபயர் முழுக்க அடங்கிவிட்டது. டிரம்ஸ்காரர் அது தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு தனியாக அடித்துக்கொண்டே போனார். கரெண்டு வந்ததும் நாங்கள் அவரோடு சேர்ந்துகொண்டோம். யாரும் சத்தம் போடவில்லை. குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தன.

ஆனால் கொட்டகை பாதி காலி. கொட்டகைக்காரர் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஐந்தாவது உருப்படி முடிந்ததும் வந்து, ரொம்பச் சங்கடத்தோடு தம்பியின் காதில் பேசினார். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் கிளம்பவில்லை, அவர்கள் தட்டுக்குத்தான் காத்திருப்பார்கள், இதைக் கேட்டு வேறு ஏதோ என்று இருந்துவிடுவார்கள், தட்டைப் போட்டால் நல்லது என்றார்.

"நாங்க வாசிக்கிறதும் அதேதானே" என்றான் தம்பி.

"அதே இல்ல தம்பி. தட்டுல ஒரு எடத்துல கீறல் இருக்கு. டொக்குன்னு ஒரு சத்தம் வரும். அதுவரைக்கும் சேத்துத்தான் அவுகளுக்குத் தெரியும்."

நாங்கள் ஒயர்களைக் கழற்றினோம். ஆபரேட்டர் தட்டைப் போட்டான். நான் கிதாரைத் தோளில் போட்டபடியே கொட்டகைக்கு வெளியே வந்து நின்றேன். இருட்ட ஆரம்பித்திருந்தது. முதல் பக்கம் பாதி ஓடுவதற்குள் தூரத்துக் காட்டில் அங்கங்கே அரிக்கேன் விளக்குகள் தென்பட்டன. வேலிகளுக்கு நடுவே இட்டேரி வழியாக, வரப்பு வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக. குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள், ஒரு கட்டை வண்டி, சைக்கிள்கள். எல்லோரும் வேகமாக நடந்து வந்தார்கள். எங்கள் வாசிப்புக்குத்தான் வந்தார்கள், எங்களுக்காக வரவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு வந்தது. இந்த நிமிஷத்திலேயே எங்காவது போய்விட வேண்டும் போல இருந்தது, இங்கேயே நிற்க வேண்டும் போலவும் இருந்தது.

நாங்கள் மூவரும் சேர்ந்து வாசித்தது அதுதான் கடைசி. தம்பி மெட்ராஸுக்குப் போனான். அந்த ஒலிப்பதிவாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். அவர் உடனே வரச் சொல்லித் தன்னிடமே உதவியாளனாக வைத்துக்கொண்டார். டிரம்ஸ்காரருக்குக் காது முழுக்க அடைத்ததும் பட்டறையை விட்டு ஊருக்குத் திரும்பி அண்ணன்மாரோடு பூ விவசாயத்தில் சேர்ந்துகொண்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போனபோது, வாழை மரம் கட்டிய பந்தக்காலில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். பட்டறை என்று நான் பெயர் வைத்த உருப்படி. ஒரு அடிகூடப் பிசகவில்லை.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது அந்தக் கோடை முடிவில். கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் கழித்து, இலாகாவிலேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானே எல்லாவற்றையும் சொன்னேன்.

கோயம்புத்தூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைகளுக்கு மேலே கிடந்த தட்டை எடுத்துப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு அது வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா அதைத் தொட்டதே இல்லை. அட்டையில் தம்பியின் தோளுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, இது யார் கை என்றார்.

"என்னுதுதான்."

தம்பி ரிப்பேர் பார்க்க எடுத்து வந்த பிளேயர் ஒன்று அலமாரியில் இருந்தது. போடு என்றார். போட்டேன். சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். அம்மா நின்றுகொண்டே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாரே, அப்படி நின்றார். நாலு உருப்படியும் முடிந்து ஊசி நடுவில் போய் உரசியது. நான் அதைத் தூக்கினேன்.

"இதுல நீ எங்க இருக்க? எனக்குத் தெரியலையே" என்றார்.

அடியில் வருவது நான் என்றேன். தம்பியின் கிதாருக்குக் கீழே, தடியாக, மெதுவாக ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் என்றேன்.

"இன்னொரு பக்கமும் இருக்குல்ல. அதைப் போடு, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.